காலியாவைத் திருந்த விடுங்கள்!

கார்ட்டூன் ரசிகர்கள் நடுவே ஒரு வேதவாக்கு உலாவுகிறது. "கேரக்டர் திருந்திட்டா கதை செத்துடும்." சோம்பேறி உழைக்க ஆரம்பித்தால், பயந்தாங்கொள்ளி எதிர்த்து நின்றால், போக்கிரி நல்லவன் ஆகிவிட்டால் அன்றோடு அந்தத் தொடர் அம்பேல். முதல் ரெண்டு சீசன்தான் சீசன், அதுக்கப்புறம் வந்ததெல்லாம் இழுவை... எந்தக் கார்ட்டூனைப் பற்றிப் பேச்சு எடுத்தாலும் ஒருத்தர் இதைச் சொல்வார், பக்கத்தில் இருக்கிற நாலு பேர் தலையாட்டுவார்கள்.

சுத்தப் பொய். இத்தனை வருஷம் டிவி பெட்டி முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்த ஒரு தலைமுறைக்கே இது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்தத் தலைமுறைக்கு ரொம்பப் பிடித்த கார்ட்டூனிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

2007-ல் சன் குழுமம் சுட்டி டிவியை ஆரம்பித்தது. அதில் தமிழ் பேசிக்கொண்டு வந்தவர் ஜாக்கி சான். 'ஜாக்கி சான் அட்வென்சர்ஸ்' அமெரிக்காவில் 2000-ல் தொடங்கி 2005-ல் முடிந்த தொடர். மொத்தம் 5 சீசன், 95 எபிசோடு. தாயத்து தேடும் கதை, ஷெண்டு என்ற டிராகன், சொன்ன பேச்சு கேட்காத ஜேட், எதற்கெடுத்தாலும் ஜாக்கியின் நெற்றியில் ரெண்டு விரலால் சொடுக்கும் கிழவர் அங்கிள். இதெல்லாம் யாருக்கும் மறந்திருக்காது.

டோருவை ஞாபகம் இருக்கிறதா? மலை மாதிரி சுமோ உடம்பு. முதல் சீசனில் வால்மாண்டின் டார்க் ஹேண்ட் கும்பலுக்கு அடியாள். கதவை உடைப்பது, ஜாக்கியைத் தூக்கி எறிவது, இதுதான் வேலை. "கேரக்டர் திருந்தினா கதை செத்துடும்" கட்சிக்காரர்கள் அந்தத் தொடரை எழுதியிருந்தால் டோரு 95 எபிசோடும் கதவை உடைத்துக்கொண்டுதான் இருந்திருப்பான். நல்ல வேளை, அவர்கள் எழுதவில்லை. அப்புறம் டோரு ஜாக்கி பக்கம் வந்துவிடுகிறான். வந்தவன் சும்மா ஓரமாக நிற்கவில்லை, அங்கிளுக்குச் சீடனாகச் சேர்கிறான். ஊரையே நடுங்க வைத்த உடம்பு, காய்ந்த பல்லியையும் மந்திரச் சாமானையும் கையில் ஏந்திக்கொண்டு ஒரு நோஞ்சான் கிழவரிடம் திட்டு வாங்குகிறது.

இதனால் தொடர் செத்துப் போச்சா? ஜாக்கிக்கு ஒரு பலம் கிடைத்தது. அங்கிளுக்குத் திட்டுவதற்குப் புதிதாக ஓர் ஆள் கிடைத்தான். ஜேடுக்கு யானை சைஸில் ஒரு தோழன் கிடைத்தான். அப்புறம் டோருவின் அம்மா வேறு வந்து இறங்கி அங்கிளோடு மல்லுக்கு நின்றார். ஒருத்தன் திருந்தியதால் அந்த வீட்டுக்குள் நாலு கதை புதிதாக முளைத்தது. அவனுடைய உடம்பு மாறவில்லை, பலம் குறையவில்லை. அதை எதற்குப் பயன்படுத்துகிறான் என்பதுதான் மாறியது.

அதே தொடரில் இன்னொரு எபிசோடும் உண்டு. புலித் தாயத்தின் சக்தியால் ஜாக்கி ரெண்டு ஆளாகப் பிரிந்துவிடுவார். ஒருத்தர் முழு நல்லவர், ஒருத்தர் முழு மோசம். வேடிக்கை என்னவென்றால், தனியாக விட்டால் ரெண்டு பேருமே உருப்படியில்லை. குறையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து வீசினால் மிச்சம் இருப்பவன் ஒன்றுக்கும் உதவ மாட்டான் என்று ஒரு சிறுபிள்ளைக் கார்ட்டூன் 20 நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டது. திருந்துவது என்றால் கோபக்காரன் கோபத்தை எங்கே காட்டுவது என்று கற்றுக்கொள்வது. பலசாலி பலத்தை யாருக்காகச் செலவழிப்பது என்று கற்றுக்கொள்வது. அப்படித் திருந்துகிறவனுக்குக் கதை எப்படித் தீர்ந்துபோகும்?

இப்போது நம்ம நாட்டு கார்ட்டூனுக்கு வருவோம். 2008-ல் போகோவில் ஆரம்பித்தது சோட்டா பீம். ஹைதராபாத்தில் ராஜீவ் சிலகாவின் கிரீன் கோல்டு அனிமேஷன் எடுத்தது. இந்தியாவிலேயே தயாரான ஒரு கார்ட்டூன் இத்தனை வருஷம் தாக்குப் பிடித்தது, டோரேமான், ஷின்சானுக்கு ஈடு கொடுத்து நின்றது. இது பெரிய சாதனை, இதில் சந்தேகமே இல்லை. ஆனால் டோலக்பூருக்குள் போய்ப் பாருங்கள். பீம் நல்லவன். முதல் நாளும் நல்லவன், இன்றைக்கும் நல்லவன். அவனிடம் இருந்த ஒரே குறை லட்டு. டுன்டுன் மௌசி கடை லட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. அந்தக் குறையும் குறையாக நிற்கவில்லை, லட்டு தின்றால்தான் பலம் வரும் என்று ஆகி அதுவே அவனுக்குப் பேட்டரி ஆகிவிட்டது!

அப்படியென்றால் கதையில் குறைகளையெல்லாம் யார் சுமப்பது? இருக்கவே இருக்கிறான் காலியா.

காலியா குண்டு. காலியா பொறாமைக்காரன். பீமைப் போட்டிக்கு இழுப்பான், ஏமாற்றுவான், தோற்பான், எல்லோரும் சிரிப்பார்கள். கூடவே ஜால்ரா தட்ட டோலு, போலு. நடுவில் சில எபிசோடுகளில் காலியாவும் பீமோடு சேர்ந்து ராட்சசனை எதிர்த்துப் போவான், சிநேகிதனாகத் திரும்பி வருவான். பெரிய படங்களிலும் கூடவே போவான். சரி, திருந்திட்டான்பா என்று பார்த்தால் அடுத்த எபிசோடில் மறுபடியும் பழைய காலியா. உயிரைப் பணயம் வைத்துக் கூடவே நின்ற நட்பு ராத்திரியோடு ராத்திரியாக அழிந்துபோகும். அவனுக்கும் ஞாபகம் இருக்காது, பீமுக்கும் ஞாபகம் இருக்காது, ராஜா இந்திரவர்மாவுக்கும் ஞாபகம் இருக்காது. ஊரே சேர்ந்து மறதி லேகியம் சாப்பிட்ட மாதிரி.

அடிபட்டால் வலிக்கும், அடுத்த நாள் வலி போய்விடும், பாடம் மட்டும் ஏறவே ஏறாது... டாம் அண்ட் ஜெர்ரியிலும் இதுதானே நடக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் டாம் அண்ட் ஜெர்ரி 1940-லிருந்து ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுத்து வருகிறது. பூனை துரத்தும், எலி ஓடும். நீதி, போதனை எதுவும் கிடையாது. சோட்டா பீம் அப்படி இல்லை. ஒவ்வொரு கதையும் நல்லொழுக்கப் பாடம் மாதிரித்தான் முடியும். பொறாமைப்படாதே, ஏமாற்றாதே, பேராசைப்படாதே. பாடம் நடத்துகிற வாத்தியார் ஒரே மாணவனை வருஷக்கணக்கில் அதே வகுப்பில் உட்கார வைத்திருந்தால் அதற்கு மாணவன் மட்டும்தான் காரணமா?

இந்த வியாதி ஜப்பானிலிருந்தே உண்டு. டோரேமான் கதையின் அஸ்திவாரமே நோபிட்டா திருந்த வேண்டும் என்பதுதான். சோம்பேறி, பரீட்சையில் முட்டை, ஜியானைக் கண்டால் நடுக்கம். இப்படியே போனால் பேரன் கொள்ளுப்பேரன் வரைக்கும் கஷ்டம் என்றுதான் 22-ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு ரோபோ பூனையை அனுப்பி வைக்கிறார்கள். புஜிகோ எஃப். புஜியோ இதை வரைய ஆரம்பித்தது 1969 டிசம்பரில். 1974-ல் ஒரு கதை வந்தது. டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். தான் இல்லாமல் நோபிட்டா எப்படிச் சமாளிப்பான் என்று அதற்குக் கவலை. அன்று ராத்திரி நோபிட்டா எந்தக் கருவியும் இல்லாமல் ஜியானோடு தனியாக மோதுகிறான். அடி வாங்குகிறான், விழுகிறான், மறுபடி எழுந்து வந்து காலைப் பிடித்துக்கொள்கிறான். கடைசியில் ஜியானே "போதும்டா சாமி" என்று ஓடிவிடுகிறான். டோரேமான் நிம்மதியாகப் போய்விடுகிறது.

டோரேமான் ரசிகர்களிடம் எந்தக் கதை மனசில் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். 2014-ல் 'ஸ்டாண்ட் பை மீ டோரேமான்' படம் எடுத்தபோதும் இந்தக் கதையைத்தான் தூக்கி வைத்தார்கள். எத்தனையோ கருவி, எத்தனையோ சாகசம், ஆனால் கண்ணில் தண்ணி வரவைத்தது அந்தப் பையன் தன் குறையைத் தாண்டிய அந்த ஒரு ராத்திரிதான். அப்புறம் என்ன ஆச்சு? அடுத்த கதையிலேயே, சொன்னதெல்லாம் தலைகீழாக நடக்கிற ஒரு மருந்தைக் குடித்துவிட்டு "டோரேமான் திரும்பி வராது" என்று நோபிட்டா சொல்ல, பூனை திரும்பி வந்துவிட்டது. கூடவே பழைய நோபிட்டாவும் வந்துவிட்டான். 1996-ல் புஜிகோ மறைந்த பிறகும் அவன் முட்டை மார்க்கோடு வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறான்.

போகிமான் ஆஷுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 1997-ல் முதல் எபிசோடிலேயே தூங்கி வழிந்து லேட்டாக வந்தவன். அவசரக்குடுக்கை, வாய்ச்சவடால். ஆனால் அவன் மெல்ல மெல்ல வளர்ந்தான். சின்னோ பகுதிக் கதையில் (ஜப்பானில் 2006 முதல் 2010 வரை) பால் என்ற போட்டியாளன் 'உபயோகமில்லை' என்று கைவிட்ட சிம்சாரைச் சேர்த்துக்கொண்டு, பொறுமையாகப் பழக்கி, லீக்கில் அதே பாலை ஜெயித்தான். பக்குவம் வந்த ஆஷ். ரசிகர்கள் கொண்டாடினார்கள். 2010-ல் அடுத்த கதை ஆரம்பித்தது. முதல் எபிசோடிலேயே பிகாச்சுவின் மின்சாரம் போய், நேற்றுத்தான் பயணம் கிளம்பிய ஒரு பையனிடம் ஆஷ் தோற்கிறான். 13 வருஷ அனுபவம் ஒரே இடி மின்னலில் காலி! அன்றைக்கு ரசிகர்கள் கொதித்தது ஆஷ் திருந்திவிட்டான் என்றா? திருந்தினதைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான்.

ஆனால் ஆஷ் விஷயத்தில் தயாரிப்பாளர்கள் கடைசியில் நேர்மையாக நடந்துகொண்டார்கள். 2019-ல் அலோலா லீக்கை ஜெயிக்க வைத்தார்கள். 2022 நவம்பரில் லியோனைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆக்கினார்கள். 2023 மார்ச்சில் மரியாதையாக வழியனுப்பிவிட்டு ஏப்ரலில் லிகோ, ராய் என்று புது ஆட்களை வைத்துப் புதுத் தொடர் தொடங்கினார்கள். "பார்த்தாயா, திருந்தி ஜெயித்ததும் ஆளைத் தூக்கிட்டாங்க, எங்க கட்சி சரிதான்" என்று இங்கே குதிக்காதீர்கள். அவன் ஜெயித்த அந்த ஆட்டத்தை டோக்கியோ தெருத் திரையில் கூட்டம் கூடிப் பார்த்தது. 25 வருஷம் அவன் வளர்வதற்காகக் காத்திருந்த ஜனம் அது. செத்துப்போன கதைக்கு யாராவது கூட்டம் கூடுவார்களா?

சரி, பிறகு ஏன் திருந்த விட மாட்டேன் என்கிறார்கள்? இங்கேதான் கொஞ்சம் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

ஒரு கார்ட்டூன் கேரக்டர் கம்பெனிக்கு ஒரு சொத்து. மிஷின் வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் எழுத வேண்டும். பீமுக்குத் தேய்மானம் கிடையாது. அவன் முகம் ஸ்கூல் பேக்கில் இருக்கிறது, டிபன் பாக்ஸில் இருக்கிறது, தண்ணி பாட்டிலில் இருக்கிறது. கம்பெனி தனியாகக் கடையே திறந்து வைத்து விற்றது. டிபன் பாக்ஸில் ஒட்டின முகம் மாறினால் வியாபாரம் கெட்டுவிடும் என்று பயம். அடுத்தது வாடிக்கையாளர். சோப்பு வாங்குகிறவர் 40 வருஷம் அதே சோப்பு வாங்குவார். கார்ட்டூன் வாடிக்கையாளர் அஞ்சாறு வருஷத்தில் வளர்ந்து போய்விடுவார், பின்னாலேயே புதிதாக ஒரு கூட்டம் வரும். அந்தப் புதுக் கூட்டத்துக்குப் பழைய சரக்கையே திரும்ப விற்கலாம். சேனல்காரர்களும் எபிசோடை வரிசையாகப் போட மாட்டார்கள், கையில் கிடைத்ததைப் போடுவார்கள். காலியா 40-ஆவது எபிசோடில் திருந்திவிட்டால், மத்தியானம் 12-ஆவதும் சாயங்காலம் 60-ஆவதும் போட முடியுமா? ஆக, காலியா திருந்தாததற்குக் காரணம் அவன் குணம் இல்லை. கிட்டங்கியில் கிடக்கிற பழைய சரக்கு!

2020-ல் ஒரு கூத்து நடந்தது. பீம் இளவரசி இந்துமதியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான், சுட்கியைக் கைவிட்டுவிட்டான் என்று ஒரு செய்தி கிளம்பி, 'சுட்கிக்கு நியாயம் வேண்டும்' என்று ஊர் ஊராகக் கோஷம். கடைசியில் கிரீன் கோல்டு நிறுவனமே அறிக்கை விட வேண்டியதாயிற்று. அவர்கள் எல்லாம் இன்னும் குழந்தைகள், கல்யாணம் காதல் என்று அவர்களை இழுக்காதீர்கள் என்று. கம்பெனி சொன்னது நியாயம்தான். ஆனால் கோஷம் போட்டவர்கள் யார்? 2008-ல் பார்க்க ஆரம்பித்து 2020-ல் காலேஜில் இருந்தவர்கள். அவர்கள் வேடிக்கையாகக் கேட்டாலும் உள்ளே ஒரு நிஜம் இருந்தது. நாங்கள் வளர்ந்துவிட்டோம், நீங்கள் ஏன் இன்னும் அங்கேயே நிற்கிறீர்கள் என்பதுதான் அது. 2019-ல் நெட்பிளிக்ஸில் 'மைட்டி லிட்டில் பீம்' வந்தபோது பீம் இன்னும் சின்னக் குழந்தையாகித் தவழ ஆரம்பித்துவிட்டான். பார்த்தவர்கள் முன்னால் போக, அவன் பின்னால் போகிறான்.

"சரிப்பா, எல்லாரும் திருந்திட்டா அப்புறம் என்னத்தைத்தான் காட்டுறது?" என்று கடைசி அஸ்திரத்தை எடுப்பார்கள். அதற்கும் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

நருட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் சீந்தாத அநாதைப் பையன், எல்லோர் கவனத்தையும் இழுக்க வால்தனம் செய்கிறவன். அந்தக் குறையைத் தாண்டி ஊர்த் தலைவராக, ஹொகாகே ஆகிறான். முடிந்ததா? இல்லை. போருட்டோ கதையில் அவன் மகன் அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தவம் கிடக்கிறான். மகள் பிறந்தநாளுக்கு நருட்டோ தன் நிழல் நகலை அனுப்பி வைக்கிறான். கேக்கைக் கையில் வைத்திருக்கும்போதே நகல் புகையாகி மறைகிறது, கேக் கீழே விழுகிறது. ஊருக்கே அப்பாவாக இருப்பவன் வீட்டில் அப்பாவாக இல்லை. எந்த நல்ல குணத்தால் ஜெயித்தானோ அதன் வயிற்றிலேயே அடுத்த குறை பிறக்கிறது. வாழ்க்கையில் நடப்பதும் இதுதானே!

'மை லிட்டில் போனி' என்று குதிரைக்குட்டிகள் கார்ட்டூன் ஒன்று, 2010 முதல் 2019 வரை 9 சீசன் ஓடியது. யாரோடும் ஒட்டாத புத்தகப் புழு ட்வைலைட், நட்பு என்றால் என்னவென்று படித்துப் படித்து 2013-ல் இளவரசியே ஆகிவிட்டது. இனி என்ன கதை என்று அன்றைக்கும் புலம்பினார்கள். 2015-ல் ஸ்டார்லைட் என்ற வில்லி வந்தாள். அவள் திருந்தி ட்வைலைட்டிடமே மாணவியாகச் சேர்ந்தாள். படித்தவள் டீச்சர் ஆனாள். திருந்தினவருக்கு அடுத்த வேலை, இன்னொருத்தரைத் திருத்துவது. கதைக்குப் பஞ்சமா? பஞ்சம் எழுதுகிறவர் மூளையில்தான்.

இதெல்லாம் வெறும் பொம்மைப் படம், இதற்கு இவ்வளவு ஆவேசமா என்று யாராவது கேட்டால், சேத்தூருக்கு வரச் சொல்லுங்கள். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற ரோட்டில்தான் இருக்கிறது. டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். இங்கே மனுஷனுக்கு இரண்டு பெயர். ஒன்று ரேஷன் கார்டில் இருப்பது, இன்னொன்று பட்டப்பெயர். அஞ்சாம் வகுப்பில் ஒருநாள் அழுததற்காக 'அழுமூஞ்சி' ஆனவர், பேரன் எடுத்த பிறகும் அழுமூஞ்சிதான். ஒருமுறை மாங்காய் திருடி மாட்டினவன், இருபது வருஷம் நேர்மையாகக் கடை நடத்தினாலும் 'களவாணி'தான். அவர்கள் மாறிவிட்டது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கூப்பிடுகிற பெயர் மாறாது. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா", "நாய் வாலை நிமிர்த்த முடியுமா"... பழமொழி ஸ்டாக்குக்கும் குறைவில்லை. சேத்தூர் மட்டுமில்லை, தேவதானம், தளவாய்புரம், ஸ்ரீவில்லிபுத்தூர், எங்கே போனாலும் இதே கதைதான்.

இந்த ஊர்களில்தான் எல்கேஜி பிள்ளை ஒன்று சாயங்காலம் டிவி போட்டுக் காலியாவைப் பார்க்கிறது. அஞ்சாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் பார்க்கிறது. இந்த இடைவெளியில் அந்தப் பிள்ளை எழுதப் படிக்கக் கற்றிருக்கும், சைக்கிள் ஓட்டக் கற்றிருக்கும், தம்பி தங்கையை அடிக்கக் கூடாது என்று கற்றிருக்கும். காலியா மட்டும் ஒன்றும் கற்றிருக்க மாட்டான். "சில பேர் அப்படித்தான், அவங்க மாறவே மாட்டாங்க." எந்த வாத்தியாரும் சொல்லித் தராமலே அந்தப் பிள்ளை மனசில் ஏறுகிற பாடம் இது. அடுத்த நாள் வகுப்பில் கொஞ்சம் குண்டாக, கொஞ்சம் முரடாக இருக்கிற பையனை "டேய் காலியா" என்று கூப்பிடுகிறது. கூப்பிடுகிற பிள்ளைக்கு அது விளையாட்டு. அந்தப் பையனுக்கு அது ஆயுள் தண்டனை. அவன் என்னதான் நல்லது செய்தாலும், அடுத்த நாள் காலையில் எல்லாம் அழிந்து மறுபடியும் முதலிலிருந்து.

பெற்றோர்களும் இதைக் கவனிப்பதில்லை. 2008-ல் ஷின்சானைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று புகார் கிளம்பி, மத்திய அரசு தடை போட்டது. 2009-ல் வெட்டி ஒட்டித் திரும்ப விட்டார்கள். ஷின்சான் மரியாதை இல்லாமல் பேசுவான், பிள்ளைகளும் பேசும் என்று பயம். குறை உள்ள பையனைப் பார்த்தால் பயம், குறையே இல்லாத பீமைப் பார்த்தால் நிம்மதி. ஆனால் குறையைப் பார்த்து எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை, குறை உள்ளவனுக்கு விமோசனமே கிடையாது என்று நம்ப ஆரம்பித்தால்தான் ஆபத்து. அதைச் சொல்லித் தருகிற கார்ட்டூனை மட்டும் 'நல்ல கார்ட்டூன்' என்று சான்றிதழ் கொடுத்து உட்கார வைக்கிறோம்.

கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. காலியா ஒருமுறை பீமின் உயிரைக் காப்பாற்றினால் அடுத்த எபிசோடில் அது ஞாபகம் இருக்கட்டும். அவன் திருந்தும்போது டோலுவுக்கும் போலுவுக்கும் என்ன ஆகிறது என்று காட்டுங்கள், ஜால்ரா தட்ட ஆள் இல்லாமல் அவர்கள் திண்டாடட்டும். பீம் ஒரு தடவையாவது தப்பு செய்யட்டும். காலியாவைச் சந்தேகப்பட்டு, பிறகு அது தப்பு என்று தெரிந்து, ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்கட்டும். அந்த ஒரு எபிசோடுக்கு நூறு ராட்சசன் எபிசோடு ஈடாகுமா?

டோருவால் முடிந்தது காலியாவால் முடியாதா என்ன? முடியும். எழுதுகிறவர்கள் மனசு வைத்தால் ஒரே வாரத்தில் முடியும். டிபன் பாக்ஸில் ஒட்டின படம் அழிந்துவிடும் என்று பயந்துகொண்டு ஒரு சின்னப் பையனை வருஷக்கணக்கில் கெட்டவனாகவே வைத்திருப்பது வியாபாரத்துக்கு வேண்டுமானால் சரியாக இருக்கலாம். அதற்கு நீதிக்கதை என்று பெயர் வைக்காதீர்கள்.